கவ்வாத்து வெட்டியதும் தேயிலை துளிர்ப்பது எப்படி?

1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். விட்டால் மரமாகிவிடும் செடி அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்திதான் அதை இடுப்புக்குக் கீழே அடக்குகிறது. மொட்டையான தண்டில் பிறகு துளிர் எங்கிருந்து வருகிறது?

தண்டில் ஏற்கெனவே உறங்கும் மொட்டுகளிலிருந்துதான். வேருக்கும் கொழுந்துக்கும் மொட்டுக்கும் மரபணுக்கள் ஒன்றே. எந்த உயிரணுவில் எது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாகிறது என்பதே வேறுபாடு. உறங்கும் மொட்டில் பிஆர்சி1 என்ற மரபணு மும்முரமாக இயங்கும். அதன் புரதம் டிஎன்ஏவில் அமர்ந்து, மொட்டு வளராதபடி மற்ற மரபணுக்களை ஆட்டிவைக்கும். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் இந்த உறக்கநிலையைக் காக்கிறது. நுனி போனால் ஆக்சின் குறையும், சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் கூடும், பிஆர்சி1 அடங்கும், உயிரணுக்கள் பிளவுபட்டுப் பெருகத் தொடங்கும்.

ஆக்சினே எல்லாம் என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லின. ஆனால், நுனி வெட்டிய பட்டாணிச் செடியில் ஆக்சின் குறைவதற்கு முன்பே மொட்டை எட்டி அதை எழுப்புவது சர்க்கரை என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. இலையில்லாத தேயிலைக்கு அந்தச் சர்க்கரை வேரில் சேமித்த மாவுச்சத்திலிருந்து வரவேண்டும். அது வற்றிய செடி கவ்வாத்தில் பட்டுப்போகும். அதனால்தான் சில இடங்களில் ஓரிரு இலைக்கிளைகளை வெட்டாமல் விடுகிறார்கள்.