பெஞ்சில் இருப்பவனின் அதிகாரம்

லிந்துலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கூடைப்பந்தாட்ட அணியில் பந்தை முன்னே கொண்டுபோகத் தெரிந்த பையன் ஒரே ஒருவன்தானாம். அவன் உள்ளே நிற்கும்வரை ஐந்து பேரும் ஓர் அணியாக ஆடுகிறார்கள். கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று அவனை வெளியே எடுத்தால், நாலைந்து நிமிடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போய்விடுகிறது. இந்த வருடம் அவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை வேறு. டியூஷன் வகுப்பு பயிற்சி நேரத்தைத் தின்கிறது. "இரண்டாவது பொயின்ட் கார்டை எங்கே தேடுவது சேர்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். கூடைப்பந்து என்றதும் நம்மவர்கள் உயரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். மாற்று ஆளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

பந்து தட்டும் முறை, புள்ளிக் கணக்கு எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அதனால் நேரே பொயின்ட் கார்டிடம் போவோம். பந்து கைக்கு வந்த எட்டுச் செக்கனுக்குள் அதை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். 24 செக்கனுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த இரண்டு கெடுவுக்கும் நடுவில் அணியின் மூளையாக இருப்பவன் அவன்தான். எதிரணி இரண்டு பேரை அவன்மீது ஏவிவிட்டிருக்கும். அவன் உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தை மறைத்து, ஒரு கையால் தட்டிக்கொண்டே மறுகையின் விரல்களை உயர்த்தி எந்த ஆட்டம் என்று காட்டுவான். கண் பந்தில் இருக்காது. அந்த மூலையில் நிற்கும் நண்பனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு பந்து போய்விடும். கூடையில் போட்டவனுக்குக் கைதட்டல் கிடைக்கும்.

இவனுக்கு மாற்றாக வருகிறவனின் நிலைமையை எனக்குப் புரியவைத்தது கோர்ட் அல்ல, தேயிலை ஸ்டோர். என் அப்பா ஸ்டோரில் வேலை பார்த்தார். கொழுந்து இரவெல்லாம் வாடி, அரைபடப் போகும்போது விடியற்புறம் ஆகிவிடும். பெரிய டீமேக்கர் அந்த நேரத்தில் படுக்கையில் இருப்பார். அரைத்துப் பரப்பிய கொழுந்தின் பச்சை வாடை மாறிப் பழவாசனை எழும் அந்தச் சில நிமிடத்தைப் பிடித்து, 'இப்போது அடுப்புக்கு அனுப்பு' என்று சொல்ல வேண்டியவர் சின்ன டீமேக்கர். தப்பினால் அன்றைய தேயிலை முழுவதற்கும் ஏலத்தில் விலை விழும். பெரியவரை எழுப்பிக் கேட்கவும் முடியாது. நல்ல பெரிய டீமேக்கர் என்ன செய்வார் தெரியுமா? மாலையிலேயே வந்து, இன்றைய கொழுந்து எப்படி, எவ்வளவு ஈரம், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகு தலையிடமாட்டார். மாற்று பொயின்ட் கார்டை வளர்ப்பதும் ஏறக்குறைய இந்தக் காரியம்தான்.

நமது தோட்டப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அங்கே ஏழு பேருக்கும் வேலை நெஞ்சிலேயே எழுதியிருக்கிறது. ஜிஎஸ் என்று போட்டவள் எதிரணிக் கூடையைச் சுற்றியுள்ள மூன்றில் ஒரு பகுதியைத் தாண்டமாட்டாள். சி என்று போட்டவள் இரண்டு கோல் வட்டங்களுக்கு உள்ளே தவிர எங்கும் ஓடலாம். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அந்த ஜிஎஸ் எழுத்தைப் போட்டுக்கொண்டுதான் உலகம் அறிந்தவரானார். உயரம் 2.08 மீற்றர். இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற 2009, 2018, 2022 மூன்றிலும் அவர் இருந்தார். 2018 இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றபோது பத்திரிகை முழுக்க அவர் படம்தான். அவ்வளவு உயரத்துக்குப் பந்தை அளவாகத் தூக்கிப் போட்டவர்கள் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம்? போகட்டும். நான் சொல்லவந்தது வேறு. வலைப்பந்தில் எழுத்து இருப்பதால் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் தன் வேலை என்ன என்று தெரியும். கூடைப்பந்தில் எழுத்து கிடையாது. பயிற்றுவிப்பாளர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. நம் பாடசாலைகளில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. "உள்ளே போ, நல்லா விளையாடு" என்பது ஒரு வேலையா?

இந்த விளையாட்டின் சட்டப்புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விநோதம் இருக்கிறது. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதிப்படி, இடைவேளை கேட்கும் உரிமை பயிற்றுவிப்பாளருக்கும் அவருடைய முதல் உதவியாளருக்கும் மட்டுமே உண்டு. ஆனால் ஆள் மாற்றம் கேட்கும் உரிமை பயிற்றுவிப்பாளருக்குக் கிடையாது! உள்ளே போகப்போகிற மாற்று ஆட்டக்காரன் தானே எழுந்து, புள்ளி எழுதும் மேசைக்குப் போய், கையால் சைகை காட்டிக் கேட்க வேண்டும். அல்லது அதற்கென்று போட்ட நாற்காலியில் உட்கார வேண்டும். கோச் கூவினாலும் செல்லாது. அதோடு இன்னொரு வரி: கேட்கிறவன் அந்த நிமிடமே ஆடுவதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இதை வெறும் அலுவலக நடைமுறை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை உண்டாக்கிப் பதின்மூன்று விதி எழுதி ஒட்டியபோது மாற்று ஆள் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. அடுத்தவனைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு தப்பாட்டம் ஆடியவன் வெளியேற வேண்டும், அவனுக்குப் பதில் ஆள் கிடையாது என்று. மறுக்கப்படுவதற்காகவே எழுதப்பட்ட பெயர்! பிறகு அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் வெளியே போனவன் திரும்பி வரமுடியாது என்ற வழக்கம் நெடுநாள் இருந்தது. 1920இல் ஒருமுறை திரும்பலாம் என்றார்கள். 1933இல் இரண்டு முறை. எத்தனை முறையும் மாற்றலாம் என்று ஆனது 1944இல்தான். திரும்ப முடியாது என்றால் எந்தப் பயிற்றுவிப்பாளரும் தன் நல்ல ஆளை வெளியே எடுக்கத் துணியமாட்டார். அந்தத் தடை போன பிறகுதான் 'இரண்டாவது ஆள்' என்ற உத்தியே பிறந்தது. இன்று மேசைக்குப் போய்க் கேட்கும் அதிகாரமே அவன் கையில்.

அந்த அதிகாரத்தை லிந்துலையில் ஒரு பிள்ளை எப்படிப் பயன்படுத்துகிறான்? ஜூன், ஜூலை மாதத்துப் பனிமூட்டத்தில், ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு, சப்பாத்து நாடா அவிழ்ந்தபடி, மற்றவர்களின் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திடீரென்று பெயர் கேட்கும். நாடாவைக் கட்டி, ஸ்வெட்டரைக் கழற்றி, மேசைக்கு ஓடுவதற்குள் பந்து மறுபடி ஆட்டத்துக்குள் வந்துவிடும். அடுத்த விசில் வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் உள்ளே போகும்போது விரல் விறைத்திருக்கும். முதல் பந்தே கையில் நிற்காது. உடனே வெளியே இழுத்துவிடுவார்கள். "பார்த்தீர்களா, இவன் சரிவரமாட்டான்" என்பார்கள். பையன்மேல் என்ன பிழை?

இனி ஆசிரியர் கேட்டதற்கு வருகிறேன். ஒரு ஆட்டம் 40 நிமிடம். உள்ளே ஐந்து பேர். ஆக 200 நிமிடங்களைப் பங்கிட வேண்டும். முதல் கார்டுக்கு அதில் 40ஐயும் கொடுப்பது அவனுக்கும் கேடு, அணிக்கும் கேடு. அவன் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே போனால் அன்றைக்கு அணியின் கதை முடிந்தது. அவனுக்கு எட்டு நிமிட ஓய்வு போதும். அந்த எட்டை எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். முதல் கால்பகுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவனை எடுங்கள். பிறகு இரண்டு நிமிட இடைவேளை வரும். இரண்டாம் கால்பகுதியின் முதல் இரண்டு நிமிடமும் அவனை உட்காரவையுங்கள். ஆட்டக் கணக்கில் நான்கு நிமிடம்தான் போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் கடிகாரம் நிற்பதால், இடைவேளையையும் சேர்த்தால் அவனுக்குக் கிடைத்த ஓய்வு அதன் இரட்டிப்பைத் தாண்டிவிடும். மூன்றாவது, நான்காவது கால்பகுதிகளுக்கு நடுவிலும் இதையே செய்யலாம். கெட்டிக்காரப் பயிற்றுவிப்பாளர்கள் எல்லாரும் செய்வது இதுதான்.

இப்படி நேரம் குறித்துவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டாவது பையனுக்குத் தன் முறை எப்போது என்று முன்கூட்டியே தெரியும். நான்காவது நிமிடத்திலேயே ஸ்வெட்டரைக் கழற்றி, கோட்டுக்குப் பின்னால் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வான். எதிரணியில் யார் இடக்கைப் பழக்கமுள்ளவன், யார் களைத்துவிட்டான் என்று பார்த்து வைப்பான். சட்டம் கேட்கும் 'தயார்' என்பது அப்போதுதான் உண்மையாகும்.

அவனிடம் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. முதல்வனுக்குப் பத்து ஆட்டம் தெரிந்திருக்கலாம். இவனுக்கு இரண்டு போதும், ஆனால் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரிந்திருக்க வேண்டும். இவன் வேலை புள்ளி எடுப்பதல்ல. பந்தைத் தொலைக்காமல் கொண்டுபோய், சரியான கையில் கொடுத்துவிட்டு, பின்னால் ஓடிக் காவல் நிற்பது. அதனால் தேர்ந்தெடுக்கும்போது நன்றாகக் கூடையில் போடுகிறவனைத் தேடாதீர்கள். நிதானமானவனைத் தேடுங்கள். உயரம் பற்றிய கவலையும் வேண்டாம். மக்ஸி போக்ஸ் என்பவர் 160 சென்ரிமீற்றர் உயரத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏயில் 14 பருவங்கள் பொயின்ட் கார்டாக ஆடினார். அந்த உயரத்துக்கு நம் லயத்துப் பிள்ளைகளில் ஆளுக்கா பஞ்சம்? அவன் உள்ளே போகும் நேரத்தில் மற்ற நால்வரையும் சேர்த்து மாற்றாமல், நம்பிப் பந்தைக் கொடுக்கக்கூடிய மூத்தவன் ஒருவனையாவது கூட நிறுத்துங்கள். முக்கியமாக, முதல் தவறுக்கு வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் அதன் பிறகு அவன் கண் கோர்ட்டில் இருக்காது. பெஞ்சில் நீங்கள் எழுகிறீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது ஆள் எப்போதும் முதலாளுக்குப் பதிலாகத்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. 2011 என்பிஏ இறுதித் தொடரில் டாலஸ் மாவெரிக்ஸ் அணி, லெப்ரான் ஜேம்ஸ் ஆடிய மயாமி ஹீட்டிடம் 2க்கு 1 என்று பின்தங்கி நின்றது. பயிற்றுவிப்பாளர் ரிக் கார்லைல் நான்காவது ஆட்டத்துக்கு ஒரு காரியம் செய்தார். மாற்று பொயின்ட் கார்டாக இருந்த ஜே.ஜே. பரேயாவை ஆரம்ப ஐவரில் சேர்த்தார். புவேர்ட்டோ ரிக்கோக்காரர், அந்த உயரக்காரர்கள் கூட்டத்தில் குள்ளமானவர், புதிய ஆட்டக்காரர்களுக்கான ஆண்டுத் தெரிவில் எந்த அணியும் எடுக்காமல் விட்டவர். வேடிக்கை என்னவென்றால், முதல் கார்டான 38 வயது ஜேசன் கிட்டை அவர் வெளியே எடுக்கவில்லை. இருவரையும் ஒன்றாக இறக்கினார். பந்தைக் கொண்டுபோகிற ஆட்கள் இருவர் ஆனதும் மயாமிக்கு யாரை மறிப்பது என்று தெரியவில்லை. இடத்தைவிட்டுக் கொடுத்த டிஷோன் ஸ்டீவன்சன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் பெஞ்சிலிருந்து வந்து தூரத்திலிருந்து போட்டுத் தள்ளினார். அடுத்த மூன்று ஆட்டத்தையும் டாலஸ் வென்று கிண்ணத்தை எடுத்தது.

நமது ஆசிரியரும் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். எதிரணி நெருக்கி மறிக்கும்போது இருவரையும் சேர்த்து நிறுத்தினால் பெரியவனுக்குப் பந்து இல்லாமல் ஓடவும், கூடையைப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். பயிற்சியில் ஒவ்வொரு நாளும் சின்னவனைப் பெரியவனுக்கு எதிராக மறிக்கவிடுங்கள். பரீட்சைக்குப் போகிறவன் விட்டுச்செல்லும் வித்தை அவனுக்கு அப்படித்தான் கைமாறும். வகுப்பெடுத்து மாறாது.

மலைநாட்டில் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உள்ள சமதரை கிடைப்பதே பெரும்பாடு என்பது எனக்குத் தெரியும். ராதெல்லவில் துரைமார் கிரிக்கெட் ஆடிய மைதானம் பச்சைப்பசேலென்று கிடக்க, தோட்டப் பிள்ளைகள் பாசி பிடித்த சிமெந்துத் துண்டில் வழுக்கி விழுந்து பழகுகிறார்கள். அதற்கான பதிலை நகர சபையிடமும் கல்வி வலயத்திடமும் தோட்டக் கம்பனிகளிடமும்தான் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். ஆனால் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு அவன் வேலையைச் சொல்வதற்கு சிமெந்து தேவையில்லை, காசும் தேவையில்லை.

அமெரிக்காவில் பெஞ்சிலிருந்து வந்து ஆடுகிறவர்களில் சிறந்தவருக்கென்று 1983 முதல் தனி விருதே கொடுக்கிறார்கள். நான்கு முறை கிண்ணம் வென்ற மனு ஜினோபிலி, நட்சத்திரமாக இருந்தும் ஆரம்ப ஐவரில் இல்லாமல் ஆடச் சம்மதித்து 2008இல் அதை வாங்கினார். நம்மிடம் பரிசளிப்பு விழாவில் 'சிறந்த வீரன்' கிண்ணம் ஒன்றுதான் இருக்கும். அதுவும் ஆண்டுதோறும் அதிகப் புள்ளி எடுத்தவனுக்கே போகும். இன்னொரு சின்னக் கிண்ணம் வாங்க எவ்வளவு ஆகிவிடும்?

கடைசியாக ஒன்று. ஆட்டத் தாளில் 12 பெயர் எழுதச் சட்டம் இடம் தருகிறது. வானில் இடம் போதாது என்று எட்டுப் பேரோடு வலய மட்டப் போட்டிக்குப் போகிற வழக்கத்தை விடுங்கள். தரம் 8, தரம் 9 பிள்ளைகள் நால்வரின் பெயரையும் எழுதிக் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் வழியிலேயே ஒவ்வொருவனுக்கும் அவன் வேலை என்ன, எப்போது என்று சொல்லிவிடுங்கள்.