பேசாத பிள்ளைக்கு என்ன மருந்து?

சில ஆண்டுகளுக்கு முன் பைராம் தோட்டத்தில் என் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். முதல் நாளே வாசலில் கிடந்த காலணிகளையெல்லாம் ஒரே கோடாக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் எங்கோ ஐஸ்கிரீம்காரர் மணி அடித்தால் ஜன்னலுக்கு ஓடுவான். காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "என்னடா சாப்பிட்டாய்?" என்று கேட்டால், "என்னடா சாப்பிட்டாய்?" என்று அப்படியே திருப்பிச் சொல்வான். கேலி செய்கிறான் என்று எண்ணி ஒரு நாள் அவனை வெளியே நிற்க வைத்துவிட்டேன். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவன் தாயார் ஏறாத கோயில் படி இல்லை. பாட்டி திருஷ்டி கழித்தார், தாயத்துக் கட்டினார். "இவன் அப்பனும் ஐந்து வயதில்தான் பேசினான்" என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். இப்படியே மூன்று வருடங்கள் ஓடிவிட்டன. சாமி கும்பிடுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கும்பிட்ட கையோடு கிளினிக்குக்கும் போங்கள் என்றுதான் சொல்கிறேன். பிள்ளை சிறிதாக இருக்கும்போது தொடங்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.

இந்தக் குறைபாட்டுக்கு ஆட்டிசம் என்று பெயர். தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்தப் பையனின் மதி எங்கும் இறுகிக் கிடக்கவில்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு பல காலம், தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று மருத்துவர்களே பழி போட்டார்கள்! 1964-ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் அதை மறுத்து ஒரு நூல் எழுதினார். அவரும் இப்படிப்பட்ட ஒரு மகனுக்குத் தகப்பன். 1977-ல் இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்று தெரிந்தது. ஆகவே, "கிரகணத்தில் வெளியே வந்தாள், வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாள்" என்று மருமகளை ஏசும் மாமியார்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். தடுப்பூசியும் காரணமல்ல. ஊசியின் மேல் சந்தேகத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2021-ல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

அரசாங்கக் கிளினிக்கில் பிள்ளைக்கு 18 மாதத்திலும் மூன்று வயதிலும் மிஸ்ஸி சில கேள்விகள் கேட்பார். பெயர் சொன்னால் திரும்புகிறானா? விருப்பமானதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? நீங்கள் காட்டும் திசையில் பார்க்கிறானா? விளையாட்டுக்குச் சோறு சமைப்பது போலப் பாவனை செய்கிறானா? நாம் என்ன செய்கிறோம்? கேள்வி மலாயில் இருக்கும், பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தத் தலையாட்டலில்தான் பிள்ளையின் காலம் போகிறது. இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள்.

பிறகு காது சோதிப்பார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவரிடம் அனுப்புவார்கள். இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது. பிள்ளையைப் பார்த்தும் பெற்றோரைக் கேட்டும்தான் முடிவு செய்வார்கள். அடியோடு நீக்கும் மருந்தும் இல்லை. வலிப்பு, தூக்கமின்மை, தன்னையே அடித்துக்கொள்ளும் மூர்க்கம் இவற்றுக்கு மருத்துவர் மருந்து கொடுக்கலாம். மற்றபடி பேச்சுப் பயிற்சியும், சட்டை போடவும் கரண்டி பிடிக்கவும் பழக்கும் பயிற்சியுமே சிகிச்சை. இரத்தத்திலிருந்து உலோகத்தை எடுக்கிறேன், குணமாக்குகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்தச் சிகிச்சையில் 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இறந்தே போனது.

ஆஸ்பத்திரிப் பயிற்சி தினமும் கிடைக்காது. மிச்ச நாளெல்லாம் வீடுதான் பள்ளிக்கூடம். பிஸ்கட் டின்னைப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அழுவதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கையைக் காட்டட்டும், உங்களைப் பார்க்கட்டும், "பி" என்றாவது சொல்லட்டும், உடனே கொடுங்கள். குளிப்பது, சாப்பிடுவது, பள்ளிக்குப் போவது என்று படம் வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தால் பாதி அழுகை அடங்கிவிடும். நீளமாகப் பேசாமல் "சட்டை போடு", "தண்ணி குடி" என்று இரண்டே சொல்லில் பேசுங்கள்.

எந்த மொழியில் பேசுவது? அந்தப் பையனின் தாயாரிடம் ஒருவர், "வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஒரே மொழியாக ஆங்கிலம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி சரளமாக வராது. விளைவு, வீட்டில் பேச்சே நின்றுபோனது! இரு மொழி கேட்டு வளர்வதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தாலாட்டிய மொழியிலேயே பேசுங்கள்.

சமூகநல இலாகாவில் பதிந்தால் ஓகேயு கார்டு கிடைக்கும். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பிள்ளையின் உரிமை, பிச்சை அல்ல. "கார்டு எடுத்தால் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று தயங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கார்டைக் காட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணச் சலுகை உண்டு. அரசாங்கப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. அந்த வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை என்பது நமக்குப் பெரிய குறைதான். பெரிய பிள்ளைகளுக்கு பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. 1984-ல் திரெங்கானுவில் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது. நாசோம் என்னும் தேசிய ஆட்டிசச் சங்கமும் 1980-களிலிருந்து நாட்டில் இயங்கி வருகிறது.

அந்தப் பையன் இப்போது நிபோங் திபாலில் சிறப்பு வகுப்பில் படிக்கிறான். "அம்மா, தண்ணி" என்று அவன் தானாகக் கேட்டது ஒன்பது வயதில். மறுநாள் காலையிலேயே அந்த அம்மா பள்ளிக்கு ஓடிவந்து என்னிடம் சொன்னார்.

கார்டுக்கான பாரம் மலாயில் இருக்கிறதே என்று மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உங்கள் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு போங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல், படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நிரப்ப வேண்டிய பக்கத்தை மட்டும் காலியாக விட்டு, மற்றதை அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிடலாம்.