கரைக்குக் கீழே இருப்பவர்கள்

மதுராந்தகம் கோதண்டராமரை 'ஏரி காத்த ராமர்' என்றே ஊரார் போற்றுவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினிக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, அடிக்கடி உடையும் ஏரிக்கரை இம்முறை நின்றால் தாயாருக்குச் சந்நிதி எழுப்பித் தருவதாக வாக்களித்தார். பெருமழை இரவில் கரைக்குச் சென்ற அவர், வில்லேந்திய இரு வீரர்கள் அங்கே காவல் நிற்கக் கண்டார் என்பது ஐதீகம். கரை நின்றது, சந்நிதியும் எழுந்தது. கரைக்குக் கீழே உறங்கிப் பிழைத்த குடிகளைத்தான் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

உத்திரமேரூரில் பராந்தக சோழர் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கோயிலிலேயே பொறித்து வைத்துள்ளன.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்திலும் பெரிய ஏரி உண்டு. அதன் உபரிநீர் செம்பரம்பாக்கம் சேரும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாள்களில் ஆலய மண்டபங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் வேற்றுமை பாராது கதவு திறந்தன. மயிலை ஸ்ரீராமகிருஷ்ண மடம் நிவாரணப் பணியில் இறங்கியது. வெள்ளம் வந்தபின் சோறிட்டோம். வருமுன் எத்தனை பேருக்குச் சொன்னோம்?

இன்று பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புக்கு வந்தோர் இவ்வட்டாரத்தில் வாடகை அறைகளில் தங்கியிருக்கின்றனர். கலங்கல் எது, மழைநீர் எவ்வழியே ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தமிழில் ஒலிபெருக்கி அறிவித்தாலும் புரியாது. இவையெல்லாம் தெரிந்தவர்கள், அதே ஊரில் அறுபது மழைக்காலம் பார்த்த நம் போன்ற முதியோரே. திருக்கோஷ்டியூர்க் கோபுரமேறி எல்லோரும் அறிய உரைத்த உடையவர் அவதரித்த தலத்தின் அண்டை ஊர் அது. தெரிந்ததை மறைத்து வைக்க அங்கே நியாயமில்லை.

ஐப்பசி அடைமழைக்கு முன், புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டமே இதற்கு ஏற்ற தருணம். தாழ்விடத்தில் உள்ள கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், தனித்திருக்கும் மூத்தோர் யார் யார் என எழுதி வைக்கலாம். தமிழும் இந்தியும் அறிந்த இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். மாத்திரை, அடையாள அட்டை ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி வைக்கவும், மாவட்ட அவசர எண் 1077-ஐ அழைக்கவும் சொல்லித் தரலாம். மண்டபத்தில் தங்க வைக்கச் செயல் அலுவலரின் அனுமதியை இப்போதே பெற வேண்டும். மடைப்பள்ளியில் இரண்டு நாள் அரிசி இருக்கட்டும். மண்டபச் சாவி யாரிடம் என்பதை அர்ச்சகர் தவிர இன்னும் இருவராவது அறிந்திருக்க வேண்டும்.