தொகை முதலில், ஆள் பிறகு: பிரித்தானிய அரசு வலது குறைந்தோர் கொடுப்பனவில் கைவைத்த கதை

இலண்டனில் சில்லறைக் கடை வைத்திருக்கும் என் மருமகன் ஒருவர் 2025 மார்ச் மாதக் கடைசியில் தொலைபேசியில் பேசினார். வழமையாகக் கடை வாடகை, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் படிப்பு என்று பேசுபவர் அன்று வேறொரு விடயத்தைத் தொடங்கினார். "மாமா, எங்கட கடைக் கணக்குப் பார்க்கிறவர் இனிக் கன நாளைக்கு வரமாட்டார் போல இருக்கு" என்றார். ஏன், சம்பளம் போதாதாமா என்று கேட்டேன். "சம்பளம் இல்ல மாமா. கவர்மென்ட் அவருக்குக் குடுக்கிற காச நிப்பாட்டப் போறாங்களாம். அது நின்டா அவரால வேலைக்கு வர ஏலாது" என்றார்.

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. அரசாங்க உதவி நின்றால்தான் மனிதன் வேலைக்குப் போவான் என்று நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். உதவி நின்றால் வேலைக்குப் போக முடியாது என்பது எப்படி? இதை விளங்கிக்கொண்டால் அடுத்த மூன்று மாதங்களில் அந்நாட்டில் நடந்தது முழுவதும் விளங்கும்.

பிரித்தானியாவில் வலது குறைந்தோருக்குக் கிடைக்கும் பிரதான கொடுப்பனவின் பெயர் தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவு. மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து 'பிப்' என்று சொல்வார்கள். 2013இல் பழைய திட்டமொன்றுக்குப் பதிலாக வந்தது. இது வேலையில்லாதவருக்குக் கொடுக்கும் காசு அல்ல. உடலில் குறை இருப்பதால் ஒருவருக்கு மற்றவரைவிட எவ்வளவு அதிகம் செலவாகிறதோ, அதற்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. வேலை செய்பவரும் பெறலாம், செய்யாதவரும் பெறலாம், வருமானம் எவ்வளவு என்று கேட்கப்படுவதில்லை. பெறுவோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வேலை பார்ப்பவர். மருமகனின் கணக்கப்பிள்ளையும் அவர்களில் ஒருவர். கை கால் மூட்டுக்களெல்லாம் வீங்கும் வாத வருத்தக்காரர். மூட்டு வீங்கிய நாளில் பஸ்ஸில் ஏற முடியாது, வாடகைக் கார்தான். அந்தக் கார்க் கூலி இந்தக் காசிலிருந்து போகிறது. இப்போது அவர் வேலைக்கு வர முடியாது என்று மருமகன் சொன்னதன் அர்த்தம் விளங்கும்.

இக்கொடுப்பனவைப் புள்ளி போட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். சமைத்தல், குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல், மருந்து எடுத்தல், பணத்தைக் கையாளுதல் என்று அன்றாட வாழ்வுக்குரிய பத்து வேலைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிரமம் என்பதற்கேற்பப் புள்ளி. மொத்தம் 8 புள்ளி வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் கூடிய வீதம். 2025 ஏப்ரலில் சாதாரண வீதம் வாரத்துக்கு 73.90 பவுண், கூடியது 110.40 பவுண். நடமாட்டத்துக்கான பகுதி வேறு, அதற்குத் தனிப் புள்ளி.

நமது கணக்கப்பிள்ளைக்கு எப்படி 8 வந்தது? காய் நறுக்க விசேட கத்தியும் உட்கார்ந்து சமைக்க உயர்ந்த ஆசனமும் தேவை, 2 புள்ளி. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, 2. மலசலகூடத்தில் உயர்த்திய இருக்கை, 2. காற்சட்டை, காலுறை போட மனைவியின் உதவி, 2. ஆக 8. நான்கு இடத்திலும் இரண்டிரண்டாகச் சேர்ந்தது.

2025 மார்ச் 18ஆம் திகதி, அப்போது தொழில் மற்றும் ஓய்வூதிய அமைச்சராக இருந்த லிஸ் கெண்டல் புதிய பிரேரணையை வெளியிட்டார். 8 புள்ளி இருந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு வேலையிலாவது 4 புள்ளி இருந்தேயாக வேண்டும், 2026 நவம்பர் முதல் இதுவே விதி என்றார். கேட்பதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் அந்தப் புள்ளி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே கழுவ இன்னொருவர் உதவி தேவையென்றால் 2 புள்ளி, தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கழுவ உதவி தேவையென்றால் 4 புள்ளி. உடுப்பதிலும் அதே கதை. கீழ் உடம்புக்கு 2, மேல் உடம்புக்கு 4. ஆகவே வீட்டில் ஒருவர் தினமும் காலைப் பிடித்துக் கழுவி, உடுப்பாட்டி விடுகின்ற நிலையிலுள்ள மனிதர் புதிய விதியில் விழுந்துவிடலாம். இந்த உதாரணத்தைத்தான் அந்நாட்டு மக்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். பொருளாதாரம் தெரியாதவருக்கும் இது உறைத்தது.

அரசின் சொந்த மதிப்பீட்டின்படியே, அப்போது பெற்றுக்கொண்டிருந்தவர்களில் 370,000 பேர் இதை இழப்பார்கள், எதிர்காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய 430,000 பேருக்குக் கிடைக்காமல் போகும், ஆளுக்குச் சராசரியாக வருடத்துக்கு 4,500 பவுண் நட்டம். மேலும் 250,000 பேர் வறுமைக்குள் தள்ளப்படுவர், அவர்களில் 50,000 பேர் சிறுவர்கள். நோயாளியைப் பராமரிக்கும் உறவினருக்குக் கிடைக்கும் தனிக் கொடுப்பனவும் 'பிப்'புடன் கட்டப்பட்டது. ஒன்று போனால் மற்றதும் போகும். ஒரு வீட்டில் இரண்டு வருமானம் ஒரே கடிதத்தில் நிற்கும்.

அரசாங்கத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், அது வெறும் சாட்டு அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உடல்நலக் காரணத்தால் உதவி பெறும் வேலை செய்யும் வயதினர் 2019இல் 28 இலட்சம். 2024இல் 40 இலட்சம். பத்துப் பேரில் ஒருவர். இப்படியே போனால் 2029-30இல் இச்செலவு 70 பில்லியன் பவுணைத் தாண்டும் என்று கணக்குக் காட்டினார்கள். கொரோனாவுக்குப் பிறகு மன அழுத்தம், பதற்றம் என்று விண்ணப்பிக்கும் இளைஞர் தொகை கூடியிருந்தது. இவர்களை வருடக்கணக்கில் வீட்டில் இருக்க விடாமல் தொழிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வதில் நியாயம் உண்டு. அதற்கென ஒரு பில்லியன் பவுண் ஒதுக்குவதாகவும் சொன்னார்கள்.

பொதுமக்கள் கருத்தும் ஒரே பக்கமாக இருக்கவில்லை. மருமகனின் கடைக்கு வருபவர்களிலேயே, "நான் காலையில் ஐந்து மணிக்கு எழும்பி வேலைக்குப் போய் வரி கட்டுகிறேன், இன்னொருவர் நோயென்று சொல்லிப் படுத்திருக்கிறார்" என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்களாம். ஆனால் அதே ஆட்கள், இந்தக் கணக்கப்பிள்ளையின் காசும் போகப் போகிறது என்று கேட்டதும், "இல்லை இல்லை, இவரை நாங்கள் சொல்லவில்லை" என்றார்களாம். பொதுவாகச் சொல்லும்போது குறைக்கத்தான் வேண்டும் என்கிறார்கள், தெரிந்த முகமாக வந்தால் கூடாது என்கிறார்கள்.

மார்ச் 26ஆம் திகதி நடந்ததை வியாபாரிகளாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பாராளுமன்றத்தில் நாட்டின் கணக்கை வைக்க வேண்டும். வருடத்துக்கு 5 பில்லியன் பவுண் மிச்சம் என்று ஒரு வாரத்துக்கு முன்பு சொல்லியிருந்தார்கள். அரசின் கணக்கைச் சுயாதீனமாகச் சரிபார்க்கும் அலுவலகம், அவ்வளவு வராது, குறையும் என்று சொல்லிவிட்டது. உடனே என்ன செய்தார்கள்? 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற வேறொரு உதவியில் நோயாளிகளுக்குரிய பகுதியைக் கடைசி நேரத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கி, மொத்தத்தை 4.8 பில்லியன் வரை கொண்டுவந்தார்கள். நோயாளியின் தேவை அந்த ஒரு வாரத்தில் குறையவில்லை. பேரேட்டில் இடைவெளி இருந்தது, அதை அடைத்தார்கள். எதிர்ப்பு இவ்வளவு சூடாகியதற்கு என் பார்வையில் பிரதான காரணம் இதுதான். சீர்திருத்தம் என்றால் முதலில் ஆளைப் பார்த்துப் பிறகு தொகைக்கு வருவார்கள். இங்கே தொகையை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஆள் தேடினார்கள்.

நானும் ஒரு காலத்தில் இப்படிச் செய்தவன்தான். வியாபாரம் மந்தமாயிருந்த ஒரு வருடம், மாதச் செலவில் இவ்வளவு குறைத்தேயாக வேண்டும் என்று ஒரு தொகையைக் குறித்துவிட்டு, எங்கே குறைக்கலாமென்று சுற்றிப் பார்த்தேன். வாய் திறந்து பேசாதவர்கள் நாட்டாமிமார்தான். நான்கு பேரை இரண்டாக்கினேன். மூன்று மாதத்தில் உடைந்த சாமானும், லொறி காத்துக்கிடந்த கூலியும் நான் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டன. அந்த வருடத்துக் கணக்குப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மிச்சம் ஒரு பக்கத்தில், நட்டம் வேறு பக்கத்தில் எழுதியிருப்பதால் அன்று எனக்குத் தெரியவில்லை.

மக்களின் எதிர்ப்புக்கு வருவோம். நிதியமைச்சர் கணக்கு வைத்த அன்றே பிரதமரின் டவுனிங் வீதிக்கு வெளியே சக்கர நாற்காலிகளில் வந்து கூடினார்கள். வலது குறைந்த நடிக, நடிகையர் முன்னின்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தொண்டு நிறுவனங்கள் அறிக்கை விட்டன. மக்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று அரசு ஜூன் 30 வரை காலம் கொடுத்தது. ஆனால் 4 புள்ளி விதியைப் பற்றி அந்தக் கருத்துக்கேட்பில் கேள்வியே இல்லை. விலையைத் தீர்மானித்துவிட்டு, பையின் நிறம் சரியா என்று வாடிக்கையாளரிடம் கேட்பது போன்றது. இது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆயிற்று. பாராளுமன்ற உறுப்பினர்கள் வார இறுதியில் தொகுதி மக்களைச் சந்திக்கும் இடங்களில் இதே பேச்சு. ஆளுங்கட்சியைச் சேர்ந்த இலண்டன் மேயர் சாதிக் கானும் மான்செஸ்டர் மேயர் அன்டி பேர்ன்ஹாமும் வெளிப்படையாக எதிர்த்தார்கள்.

ஜூன் 18இல் சட்டமூலம் வந்தது. அடுத்த நாளே ஆளுங்கட்சிக் கொறடாக்களில் ஒருவரான விக்கி பொக்ஸ்குரொப்ட் பதவி விலகினார். திறைசேரிக் குழுவின் தலைவி மெக் ஹில்லியர் சட்டமூலத்தைத் தடுக்கும் திருத்தப் பிரேரணை கொண்டுவர, தொழிற்கட்சியின் 120க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையொப்பமிட்டார்கள். 2024 ஜூலைத் தேர்தலில் 170க்கும் அதிகமான பெரும்பான்மையுடன் வந்த அரசாங்கம் இது! ஜூன் 27இல் பிரதமர் கெய்ர் ஸ்டார்மர் அரசு இறங்கி வந்தது. இப்போது பெறுபவர்களுக்குக் கைவைக்க மாட்டோம், புதியவர்களுக்கு மட்டும் என்றார்கள். அதுவும் போதவில்லை. ஜூலை முதலாம் திகதி விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர், இராஜாங்க அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து 'பிப்' பற்றிய பிரிவையே நீக்குகிறோம், முதலில் மீளாய்வு செய்வோம் என்று அறிவித்தார். 335க்கு 260 என்று சட்டமூலம் அந்தக் கட்டத்தைத் தாண்டியது. அப்படியிருந்தும் ஆளுங்கட்சியில் 49 பேர் எதிர்த்து வாக்களித்தனர்.

பழைமைவாதக் கட்சியினருக்கும் இது நடந்ததுண்டு. 2016 மார்ச் வரவு செலவுத்திட்டத்தில் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் இதே 'பிப்'பின் புள்ளிகளில் கைவைத்தார். இரண்டு நாளில் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் இராஜினாமா செய்தார், சில நாளில் பிரேரணை கைவிடப்பட்டது. ஒன்பது வருடத்துக்கு முந்திய பற்றுச்சீட்டு அலமாரியில் இருந்தும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

செலவு யாருக்கு? மிச்சம் பிடிப்பதாகச் சொன்ன ஏறத்தாழ 5 பில்லியன் முதல் இறக்கத்தில் பாதியானது, இரண்டாவதில் அனேகமாக ஒன்றுமில்லாமல் போயிற்று. ஜூலை 2ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிதியமைச்சரின் கண்ணில் நீர் வழிந்ததை உலகமே பார்த்தது. தனிப்பட்ட விடயம் என்றார்கள். ஆனால் அவர் பதவியில் நீடிப்பாரா என்ற சந்தேகத்தில் அன்றே அரச கடன்பத்திரங்களின் வட்டி வீதம் ஏறியது, பவுண் விழுந்தது. பிரதமர் அவருக்கு ஆதரவாகப் பேசிய பிறகே அடங்கியது.

இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. 'பிப்' தப்பியது, மற்ற வெட்டு தப்பவில்லை. 2025 செப்டெம்பர் 3இல் சட்டமான யுனிவர்சல் கிரெடிட் சட்டத்தின்படி, வேலை செய்ய முடியாத நோயாளிக்குரிய மேலதிகத் தொகை 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருபவர்களுக்கு வாரம் 97 பவுணிலிருந்து சுமார் 50 பவுணாக வைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் மாறாத கடும் நோயுள்ளவர்களுக்கும் மரணத் தறுவாயில் உள்ளவர்களுக்கும் மட்டும் விலக்கு. எல்லோருக்குமான அடிப்படைத் தொகையைக் கொஞ்சம் கூட்டினார்கள், ஆனால் அது இந்தப் பள்ளத்தை நிரப்பாது. ஒரே தெருவில் ஒரே வருத்தத்துடன் இருவர் இருப்பார்கள். மார்ச்சில் படுத்தவருக்கு ஒரு தொகை, மேயில் படுத்தவருக்கு அதில் பாதி. ஒரே சாமானுக்கு இரண்டு விலை போட்டால் நமது கடைக்கு முன்னால் சண்டை வரும். அங்கே வரவில்லை. இனிமேல் நோயில் விழப்போகிறவருக்கு இன்றைக்குச் சங்கம் இல்லை, அவர் சார்பில் சக்கர நாற்காலியில் போய் நிற்க ஆளுமில்லை.

'பிப்' மீளாய்வு ஸ்டீபன் டிம்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. வலது குறைந்தோரையும் சேர்த்துக்கொண்டு 2026 இலையுதிர் காலத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது ஏற்பாடு. புள்ளி அட்டவணை முழுவதும் அதில் பார்க்கப்படும் என்பதால், மருமகனின் கணக்கப்பிள்ளைக்கு நிம்மதி வந்துவிட்டதென்று சொல்ல முடியாது. திணைக்களத்துக் கடிதம் மண்ணிறக் கடித உறையில் வருமாம். காலையில் தபால்காரர் வந்து போகும்வரை அவர் வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டாராம். "அதனால கொஞ்சம் பிந்தித்தான் வாறார் மாமா, நான் ஒன்டும் சொல்றதில்ல" என்றார் மருமகன்.