ஆங்கில வீட்டுப்பாடம்: பெற்றோர் என்ன செய்யலாம்?

 

நம் அறக்கட்டளையில் மாலை நேரங்களில் பிள்ளைகளின் ஆங்கில நோட்டுகளைப் பார்த்து வருகிறோம். பல நோட்டுகளில் கட்டுரை எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்கிறது. எல்லாம் கைடு பார்த்து எழுதியவை. பொருள் கேட்டால் பிள்ளைகள் தலை குனிகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 35 மதிப்பெண் எடுக்க முடியாமல் படிப்பை விட்டவர்கள் நம் மஹல்லாவிலேயே உண்டு.

"எங்களுக்கே இங்கிலீஷ் தெரியாதே பாய்" என்கிறீர்கள். தெரியாமலும் உதவலாம்.

தமிழிலும் உருதுவிலும் வினைச்சொல் கடைசியில் வரும்: நான் பள்ளிக்குப் போகிறேன். ஆங்கிலத்தில் 'ஐ கோ டு ஸ்கூல்' என்று ஆளை அடுத்தே வினை வரும். பிள்ளை எழுதும் ஒவ்வொரு வரியிலும் "யார்? என்ன செய்தார்?" என்று இதே வரிசையில் கேளுங்கள். பாதிப் பிழை தானே தெரிந்துவிடும்.

மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு 'கிதாப்', 'அல்கிதாப்' வேறுபாடு தெரியும். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் அந்த 'அல்' செய்யும் வேலையைத்தான் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது. 'ஒரு மரம், ஓர் ஊர்' என்று நாம் எழுதுவதுபோல, உயிரொலிக்கு முன் 'ஆன்' வரும்: ஆன் ஆப்பிள். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் சொல் 'எச்' எழுத்தில் தொடங்கினாலும் 'அவர்' என்றே ஒலிப்பதால் அதற்கும் 'ஆன்'தான்.

கதைப் பாடத்தை முதலில் தமிழிலோ உருதுவிலோ சொல்ல வையுங்கள். பத்தாம் வகுப்பில் லியம் ஓ'ஃபிளாஹர்ட்டி எழுதிய 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃபிளைட்' கதை இருக்கிறது. பறக்கப் பயந்த கடற்பறவைக் குஞ்சுக்குத் தாய் மீனை அருகில் கொண்டுவந்து காட்டுகிறது, வாயில் ஊட்டவில்லை. பசியில் பாய்ந்த குஞ்சு சிறகை விரிக்கிறது. கதையைச் சொல்லி முடித்த பிள்ளை, கைடை மூடி வைத்து ஐந்து வரி சொந்தமாக எழுதட்டும். பிழை இருந்தால் திட்டாதீர்கள். திருத்த நாங்கள் இருக்கிறோம்.

பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை 'தீக்‌ஷா' செயலியில் ஸ்கேன் செய்தால் பாட விளக்கங்களும் கிடைக்கும்.

வகுப்புக்குக் கட்டணமில்லை. பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின், ஆண் பிள்ளைகளுக்கு மக்ரிபுக்குப் பின். லாரியிலும் வெள்ளிப் பட்டறையிலும் இரவு வரை உழைக்கும் தந்தையர் கவலைப்பட வேண்டாம்; பாடநூலோடு பிள்ளையை அனுப்பி வையுங்கள். கைடு மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். கற்றுத்தர விரும்பும் கல்லூரி மாணவ மாணவியரும் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் சொந்தமாக எழுதுவார்கள்.