உஷார்! 75 சதவீதம் இருந்தால் போதுமா?

"செமஸ்டர் இப்போதானே ஆரம்பிச்சிருக்கு, கடைசியில பார்த்துக்கலாம்" என்று பங்க் அடிக்கும் மாணவர்களே, உஷார்! கடைசியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஒரு பாடத்துக்கு 45 பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 விட்டாலும் 75 சதவீத வருகை தப்பிவிடும். பன்னிரண்டாவதும் போய்விட்டால், மிச்சம் அத்தனைக்கும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் 73.3தான். ஊருக்குப் போய்விட்டு திங்கட்கிழமை மட்டம் போடும் பழக்கம் இருக்கிறதா? அன்று அதே பாடம் இரண்டு பீரியட் என்றால் ஆறே திங்கட்கிழமையில் கதை முடிந்தது. உங்கள் கல்லூரியில் வருகையை மொத்தமாகப் பார்க்கிறார்களா, பாடவாரியாகப் பார்க்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 65-க்கும் 75-க்கும் நடுவில் மாட்டினால், உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு உரிய சான்றிதழ் காட்ட வேண்டும். 65-க்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. அந்த செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் மறுபடி படிக்க வேண்டும்.

ஹால் டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் ஆபத்து நீங்கியதா? இல்லை. மார்கஸ் கிரெடேயும் வேறு இரு ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியிட்ட கட்டுரை, கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் பள்ளி மதிப்பெண், நுழைவுத் தேர்வு, படிக்கும் பழக்கம் எல்லாவற்றையும் வகுப்பு வருகை முந்துகிறது என்கிறது. 'நன்றாகப் படிக்கிறவன்தானே ஒழுங்காக வகுப்புக்கு வருவான்?' என்று கேட்கலாம். பொருளியல் பேராசிரியர் டேவிட் ரோமர் 1993-லேயே மாணவரின் முந்தைய மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார். அப்போதும் வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகவில்லை.

பிராக்ஸி கொடுக்க நண்பன் இருக்கிறான் என்ற தைரியம் வேண்டாம். அவன் குரல் சதவீதத்தைத்தான் ஏற்றும். நீங்கள் தவறவிட்ட பீரியடில் சார் போர்டில் போட்டுக் காட்டிய கணக்கு வாட்ஸ்அப்பில் வரும் நோட்ஸ் போட்டோவில் விடையாக இருக்கும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்பது இருக்காது. அரியர் விழுவது அங்கேதான்.

இன்றைக்கே ஒவ்வொரு பாடத்துக்கும் உங்கள் வருகையைப் பாருங்கள். 80-க்குக் கீழே இறங்கியிருந்தால் இனி ஒரு பீரியடையும் விடாதீர்கள். காய்ச்சலில் படுத்தால் அன்றே துறையில் தகவல் சொல்லி, சான்றிதழை அப்போதே வாங்கி வையுங்கள். பெற்றோர்களே, ரிசல்ட் வந்த பிறகு திட்டிப் பயனில்லை. மாதம் ஒருமுறை வருகையைக் கேளுங்கள்.