காக்கா ஆழி: எண்ணூர் ஆற்றில் இறாலுக்கு இடமில்லாமல் செய்த சிப்பி

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் எண்ணூரைத் தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது போனிலிருந்து தலையை நிமிர்த்திப் பாருங்க. கொசஸ்தலை ஆறு. வலை, படகு, தூண்டில் எதுவும் இல்லாமல், தண்ணீரில் இறங்கி அடிச்சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். இருளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுதான் பிழைப்பு. பெண்களும் இறங்குவார்கள்.

கையால் எப்படி மாட்டும்? பல வகை இறால்கள் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். விரலுக்கு அது தெரிந்துவிடும். ஆக, இந்தத் தொழிலுக்கு முதலீடு ஒன்றுதான்: மெத்தென்ற சேறு.

அந்தச் சேற்றைத்தான் இப்போது 'காக்கா ஆழி' மூடுகிறது. கறுப்பு ஓடுள்ள சின்னச் சிப்பி. அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். நார் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கம்பளம் விரித்த மாதிரி பரவும். இறால் புதையவும் முடியாது, மேயவும் முடியாது. உள்ளூர் மட்டிகளுக்கும் இடம் போச்சு. தடவுகிற கையை ஓடு கிழிக்கும்.

இங்கே எப்படி வந்தது? சந்தேகம் கப்பல்கள் மேல்தான். பாரம் குறைவாக இருக்கும்போது, கவிழாமல் இருக்க கப்பல் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். இன்னொரு துறைமுகத்தில் அதைக் கொட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் கூடவே இறங்கும். அமெரிக்காவின் பேரேரிகளுக்கு 1980-களில் வரிக்குதிரைச் சிப்பி போனதும் இப்படித்தான். இதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் உருவானது. நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பரில். எண்ணூரில் துறைமுகம் 2001-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. கேரளாவின் அஷ்டமுடிக் காயலில் இந்தச் சிப்பி பரவியதை ஆய்வாளர்கள் 2019-லேயே பதிவு செய்தார்கள்.

உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும் என்பதால், ஒரு மழைக்காலத்தில் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. தோண்டி எடுக்கத்தான் வேண்டும். அதிலும் சிக்கல்: எடுத்ததை உயிரோடு வேறு இடத்தில் போட்டால் அங்கேயும் பரவும்.

ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஆறு இது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, கேமராக்கள் வந்தன. காக்கா ஆழி தண்ணீருக்கு அடியில் இருக்கு. படகுக்கும் வலைக்கும் நஷ்டக் கணக்கு போடலாம். வெறும் கையோடு இறங்குகிறவருக்கு எதை வைத்துக் கணக்கு போடுவது?